கரெக்‌ஷன் அக்காவும் சபையின் சரித்திரமும்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று வந்து நிற்பார். அவர் இப்போது உயிரோடு இல்லைதான். இருந்தாலும் பயமாக இருக்கிறது.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் கடை போர்டுக்குக் கீழே. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் கணவரும் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு பயோடேட்டா, இவைதான் எங்கள் பிழைப்பு. போர்டில் சிவப்பு எழுத்தில் ‘24 மணி நேர சேவை’ என்று போட்டிருந்தோம். எல்லாக் கடையிலும் போட்டிருந்தார்கள், நாங்களும் போட்டோம்.

அறுபது வயதிருக்கும் ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

“ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா தொறந்திருப்பியா?”

“இல்லக்கா, ஒன்பதுக்குப் பூட்டிடுவோம்.”

“காலைல எத்தினி மணிக்குத் தொறப்ப?”

“ஒன்பதரை ஆகும்.”

அவர் விரல் விட்டு எண்ணினார். “பதினொன்னரை மணி நேரம். மீதி பன்னெண்டரை எங்க போச்சு?”

சும்மா போட்டது, எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. தப்பு இருப்பதை எங்களுக்குக் காட்டியாயிற்று, இனி நாங்களே சரிசெய்துவிடுவோம் என்று நம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சரிசெய்தாயிற்றா என்று பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள் என் கணவர் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தமிழ்நாட்டிலேயே ‘11½ மணி நேர சேவை’ என்று போர்டு வைத்த கடை எங்களுடையதாகத்தான் இருக்கும். அதைப் படித்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்து ஜெராக்ஸ் எடுத்துப் போனவர்களும் உண்டு.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஊரில் அவருக்குக் கரெக்‌ஷன் அக்கா என்றே பெயர். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கிராமம் அவருடையது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மற்றவர்களிடம் தமிழ். மூன்று மொழியிலும் திருத்துவார். ஓசூரில் வண்டிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அளவு பார்த்து, நல்லதை இந்தப் பெட்டியிலும் கெட்டதை அந்தப் பெட்டியிலும் போடுவது அவர் வேலை. வேலை அவரை அப்படி ஆக்கியதா, அப்படி இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா என்று கேட்டால் அக்காவின் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர். ஒருமுறை அவர் கடைந்து அனுப்பிய ஒரு பெட்டி சாமானை முழுசாக ரிஜெக்ட் என்று திருப்பி அனுப்பினார் அக்கா. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்தார்களாம்.

“வீட்டுக்கு வந்து ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று நான் அவரிடம் கேட்டேன்.

“சொன்னா. ‘சாமான் தப்பு, மனுசன் நல்லவன்’னு சோறு போட்டா” என்றார் அவர்.

பஸ்ஸில் கண்டக்டர் “பாயின்ட் டு பாயின்ட், எங்கியும் நிக்காது” என்று கூவினால் அக்கா கிருஷ்ணகிரி வரை நின்ற இடங்களை எண்ணிக்கொண்டே வந்து, இறங்கும்போது “ஏழு” என்று சொல்லிவிட்டு இறங்குவார். ஒரு சாவு வீட்டில், செத்தவர் ஜென்மத்தில் குடியைத் தொட்டதில்லை என்று யாரோ ஒப்பாரியோடு சேர்த்துச் சொல்ல, அக்கா தாழ்ந்த குரலில் “ஞாயித்துக்கிழமை தவிர” என்றார். அழுதுகொண்டிருந்த சம்சாரமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, ஞாயித்துக்கிழமை தவிர” என்று ஒப்புக்கொண்டு மீண்டும் அழத் தொடங்கினார்.

எல்லாமே சிரிப்பில் முடிந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் என்று தாய்மாமன் சபையில் சொன்னார். மாப்பிள்ளைக்கு வேலை சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனில் என்று அக்காவுக்குத் தெரியும், சொல்லிவிட்டார். தட்டு மாற்றாமல் இரண்டு பக்கமும் எழுந்து போனார்கள். அந்தப் பெண் ஒரு வருஷம் அக்காவைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போனாள். இதை என்னிடம் சொன்னபோது அக்காவுக்குக் குரல் இறங்கிவிட்டது. “கேன்டீன் வேலைன்னா என்ன கொறச்சலு? அதைச் சொல்லியே பொண்ணு கேட்டிருக்கலாம். ஆனா அந்தப் புள்ள மொகத்தை நான் மறக்கல” என்றார்.

தன் விஷயத்திலும் அவர் சலுகை காட்டியதில்லை. கம்பெனியில் சேரும்போது எட்டாவது பாஸ் என்று சர்ட்டிபிகேட் இருந்தது. இன்டர்வியூவில் “எட்டாவது பாஸா?” என்று கேட்டதற்கு, “ஏழாவதுதான் நானா பாஸ் பண்ணது. எட்டாவது வாத்தியாரு எரக்கப்பட்டுப் போட்டது” என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் உடனே இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுவிட்டாராம்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் ஒரு சபையின் சரித்திரம் சிக்கிக்கொண்டது.

சபைக்கு அகில இந்திய அளவில் நீளமான பெயர் ஒன்று உண்டு. முழுசாக எழுத ஒரு பேனர் போதாது. கிராமப் பெண்களுக்காக டெல்லியில் தொடங்கப்பட்டது, நாடு முழுக்கக் கிளைகள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ‘சபை’. அதன் ஆண்டு விழாவுக்காகக் கிளைகளின் சரித்திரத்தையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுவதாக முடிவாயிற்று. எங்கள் மாவட்டப் பகுதியைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தரும் வேலை என் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சபையின் மாநிலச் செயலாளர். சென்னையிலிருந்து வந்தவர் என்பதால் சென்னை மேடம் என்போம். கஞ்சி போட்ட புடவை, நல்ல மனசு, எப்போதும் அவசரம்.

அவர் கொடுத்த தாளில் அக்காவின் ஊர்க் கிளையைப் பற்றி இப்படி இருந்தது: ‘கிராமத்துப் பெண்களின் கண்ணீரைத் துடைக்கும் வேட்கையோடு எங்கள் தலைவியம்மா இவ்வூரைத் தேடி வந்தார். ஆலமரத்தடியில் ஆயிரம் பெண்கள் திரண்டு அவரை வரவேற்றனர். நாட்டின் முதல் கிராமக் கிளை அங்கே மலர்ந்தது.’

நான் அதை அடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

“எங்க ஊர்ல ஆலமரமே கெடையாதே, ஷமீமா.”

“வெட்டிட்டாங்களோ என்னவோக்கா.”

“எப்பவும் கெடையாது. ஆயிரம் பொம்பளைங்களும் கெடையாது. அன்னிக்கு நாங்க மூணு பேரு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத முயல்கிறேன்.

“எனக்குக் கல்யாணமாயி ஆறு மாசம். நானும் இன்னும் ரெண்டு பேரும் ரோட்டோரம் ராகிக் கொல்லைல களை எடுத்துகினு இருக்கோம். ஒரு வெள்ளைக் காரு வந்து நின்னுது. டிரைவரு எறங்கி பானெட்டைத் தொறந்தான். வண்டி கெட்டுப் போச்சுன்னான். உள்ள இருந்து ஒரு அம்மா எறங்குனாங்க. நூல் பொடவை, தோள்ல பை. இப்பிடி நடக்கறாங்க, அப்பிடி நடக்கறாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டேன். சொம்பை வாங்கிக் கையில வெச்சிகினு குடிக்காம நிக்கறாங்க. அப்பறம் என் காதுகிட்ட வந்து கன்னடத்துல, ‘இல்லி எல்லாதரூ...’ன்னு ஆரம்பிச்சாங்க. இங்க எங்கியாச்சும்னு அர்த்தம். அதுக்கு மேல சொல்லல. எனக்குப் புரிஞ்சிடுச்சு.”

எனக்கும் புரிந்துவிட்டது.

“நான் சொன்னேன், இங்க அப்பிடி எடம் ஒன்னும் இல்லம்மா, நாங்க பொழுது சாஞ்சப்பறம்தான் போவோம், பகல்ல அடக்கிகினு இருப்போம், தண்ணி ரொம்பக் குடிக்க மாட்டோம்னு. அந்தம்மா மொகம் போன போக்கைப் பாக்கணுமே. சாயங்காலம் வரைக்கும் அவங்களால ஆவாது. கொல்லைக்குள்ள கூட்டிகினு போனோம். ராகி முழங்கால் ஒசரம்தான். எங்ககிட்ட மாத்துப் பொடவை ஒன்னு இருந்துது. ஒரு முனையை நான் புடிச்சேன், இன்னொரு முனையை இன்னொருத்தி புடிச்சா, மூணாவது ஆளு ரோட்டைப் பாத்துகினு நின்னா. அந்த நேரம் பாத்து ஒரு லாரி போச்சு. காத்துல பொடவை மேல தூக்கிடுச்சு. கிளீனர் பையன் விசிலடிச்சான். அந்தம்மா ‘அய்யோ’ன்னாங்க. நாங்க கன்னடம் தெலுங்கு தமிழு எல்லாத்துலயும் அவனைத் திட்டுனோம்.”

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“வெளிய வந்து வரப்பு மேல உக்காந்தாங்க. அப்பறம் கேட்டாங்க, ‘தெனமும் இப்பிடித்தானா?’ன்னு. மாசமாயிருந்தா என்ன பண்ணுவீங்க, வயித்தால போனா என்ன பண்ணுவீங்க, மழை நாள்லன்னு ஒவ்வொன்னா கேட்டாங்க. நாங்க சொல்லச் சொல்ல பையில இருந்த டைரியில எழுதுனாங்க. கடைசில எங்க மூணு பேரு பேரையும் எழுதி, இன்னிக்கு இங்க சபை ஆரம்பிச்சாச்சுன்னு சொன்னாங்க. மொத தீர்மானம், ஊர்ல பொம்பளைங்களுக்குக் கதவு வெச்ச எடம் ஒன்னு வேணும். அதான் சரித்திரம். எங்களைத் தேடி வரல. எடம் தேடி வந்தாங்க.”

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து ரொம்ப நேரமாகியிருந்தது. சபையின் பழைய அறிக்கைகளை நான் புரட்டியிருந்தேன். ஆரம்பத்தில் அவர்கள் கிராமத்துப் பெண்களுக்கு ஊறுகாய் போடவும் பூத்தையல் போடவும் கற்றுத் தந்திருக்கிறார்கள். பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று கழிப்பறை, பிரசவ அறை, குடிதண்ணீர் என்று தீர்மானங்கள் மாறுகின்றன. ஏன் மாறின என்று எந்த அறிக்கையிலும் இல்லை. அந்தக் காரணம் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஆதார் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தது.

“இன்னொன்னு” என்றார் அக்கா எழுந்துகொண்டே. “மொதல் கிளைன்னு போட்டிருக்கு. அதுவும் தப்பு. மொத நாள் சிங்காரப்பேட்டைல சபை ஆரம்பிச்சிட்டு வர்றதா அந்தம்மாவே சொன்னாங்க. நாங்க ரெண்டாவது.”

அதுதான் வினையாயிற்று.

டெல்லியில் வேறொன்றும் முடிவாகியிருந்தது. நாட்டின் முதல் கிராமக் கிளை எதுவோ, அந்த ஊரில் சபை ஒரு பயிற்சி நிலையம் கட்டும். ஓசூர்க் கம்பெனிகளுக்குப் பெண்பிள்ளைகளைத் தயார் செய்யும் வகுப்புகள், தங்கும் அறைகள், எல்லாம் அதில் இருக்கும். அக்காவின் ஊரில் இடம் கூடப் பார்த்துவிட்டார்கள். கிளைத் தலைவி லட்சுமம்மா, ரோஜா பயிர் செய்கிறவர், அக்காவின் பக்கத்து வீடு. கட்டடத்துக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பது வரை அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய இரண்டு பெண்களும் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஓசூருக்குத் தினமும் அனுப்ப அவர்கள் அப்பா சம்மதிக்கவில்லை. ஊருக்குள்ளேயே வகுப்பு வந்தால் போகலாம் என்றிருந்தார். ஆகவே லட்சுமம்மாவுக்கு அது வெறும் கட்டடம் இல்லை.

அக்கா சொன்னதைச் சென்னை மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் மறுநாளே வந்துவிட்டார்.

“டாய்லெட்டுக்கு எறங்கினாங்கன்னு புஸ்தகத்துல போட முடியுமா? நாளைக்கு மந்திரிங்க கைல எல்லாம் போகும்.”

“அவங்களுக்கும் அது வருமில்ல மேடம்” என்றார் அக்கா.

கிளைக் கூட்டம் கூடியது. பள்ளிக்கூட வராந்தாவில் இருபது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் உறுப்பினர் இல்லை, தாளோடு போயிருந்தேன். லட்சுமம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“அக்கா, உங்களைப் பொய் சொல்லுன்னு யாரும் கேக்கல. வாயை மூடிகினு இருங்கன்னுதான் கேக்கறோம். சிங்காரப்பேட்டைக்காரங்களே மறந்துட்டாங்க. நீங்க எதுக்கு ஞாபகம் வெச்சிகினு இருக்கீங்க?”

“அது மறந்தாத்தானே லட்சுமி.”

“எம் பொண்ணுங்களுக்காகச் சொல்றன்.”

அக்கா நெடுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த நிச்சயதார்த்தப் பெண்ணின் முகம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். “நானா எழுந்து பேச மாட்டன். யாராச்சும் கேட்டா, கேட்டதுக்குச் சொல்லுவன்.”

யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது என்று கிளை ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருமனதாக என்று எழுதக் கூடாது, அக்கா கை தூக்கவில்லை.

விழா ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைவியம்மாவே டெல்லியிலிருந்து வருகிறார் என்றார்கள். பிறந்தது மைசூர்ப் பக்கம், ஆகவே பேசுவது கன்னடம். வயதாகிவிட்டது, இதுதான் கடைசிப் பயணமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். காலையிலிருந்து லட்சுமம்மாவுக்கு ஒரே வேலை, அக்காவைப் பார்த்துக்கொள்வது. முதலில் அவரைச் சமையலறையில் வைத்தார். உள்ளே போன அக்கா, சாம்பாரில் பருப்பு போதாது என்று சொல்லிச் சமையல்காரருடன் தகராறு செய்தார். பிறகு வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார். பேனரில் சபையின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப் போனதை அக்கா கண்டுபிடித்தார். கடைசியில் ஹாலில் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மடியில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒப்பட்டுப் போளி எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாயில் ஒப்பட்டு இருக்கும்வரை பேச்சு வராது என்பது அவர் கணக்கு.

தலைவியம்மா வந்தார். மெலிந்த உடம்பு, கையில் தடி, வெள்ளை நூல் புடவை. மேடையில் உட்கார்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சென்னை மேடம் மைக் முன் நின்று சரித்திரத்தைப் படித்தார். நான் தட்டச்சு செய்த அதே தாள். ‘கண்ணீரைத் துடைக்கும் வேட்கையோடு’ என்றபோது அக்காவுக்குப் புரையேறியது. ‘ஆலமரத்தடியில்’ என்றபோது லட்சுமம்மா ஒரு முழு ஒப்பட்டையும் அவர் வாயில் திணித்தார். ‘ஆயிரம் பெண்கள்’ என்றபோது அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே பாவமாக இருந்தது.

கைதட்டல் முடிந்தது. தலைவியம்மா மைக்கைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னார். மெல்லிய குரலில் கேட்டார்:

“அல்லி இத்தவரு யாராதரூ இத்தாரா?”

அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார். ஓசூர்க் கூட்டம், பாதிப்பேருக்குக் கன்னடம் தெரியும். இருபது தலைகள் மெதுவாக மூன்றாவது வரிசையின் பக்கம் திரும்பின. லட்சுமம்மா அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஒப்பட்டை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை. “கேட்டுட்டாங்க லட்சுமி” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

கன்னடத்தில் ஒரு வரி சொல்வார், உடனே அதையே தமிழில் சொல்வார். ஆலமரம் இல்லை, ராகிக் கொல்லை. ஆயிரம் பேர் இல்லை, மூன்று பேர். வண்டி கெட்டு நின்றது. தலைவியம்மா தேடியது எங்களை இல்லை, மறைவாக ஒரு இடத்தை. லாரி போனது, புடவை தூக்கியது. சென்னை மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். மண்டபத்தில் முதலில் ஒரு பெண் சிரித்தார், பிறகு ஒரு வரிசை சிரித்தது, பிறகு எல்லோரும். அக்கா சிரிக்கவில்லை.

“பொடவையோட ஒரு முனையை நான் புடிச்சன். இன்னொரு முனையைப் புடிச்சவ முனியம்மா. இதோ உக்காந்திருக்கற லட்சுமியோட அம்மா. லாரி போனப்ப நான் பயந்து கையை விட்டுட்டன். அவ விடல. தன் முந்தானையையும் அவுத்துப் பரப்பி மறைச்சா. அவ இப்ப இல்ல. அவ பேரு அம்மாவோட டைரியைத் தவிர வேற எந்தக் காயிதத்துலயும் இல்ல.”

லட்சுமம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். நாங்கள் முதல் கிளை இல்லை, முதல் நாளே சிங்காரப்பேட்டையில் தொடங்கியாயிற்று, நாங்கள் இரண்டாவது. சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

“நில்லு” என்றார் தலைவியம்மா. தடியை ஊன்றி எழுந்தார். “நீ சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது” என்று கன்னடத்தில் சொன்னார்.

அக்காவிடம் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

“காடி கெட்டிரலில்ல.”

அக்கா வாயைத் திறந்தார். மொழிபெயர்ப்பு வரவில்லை. கன்னடம் தெரிந்த பாதி மண்டபம் வெடித்துச் சிரித்தது. தெரியாத பாதி பக்கத்திலிருந்தவர்களை உலுக்கியது. சென்னை மேடம், “என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?” என்று மேடையிலிருந்தே கேட்டார்.

“வண்டி கெட்டுப் போகலன்னு சொல்றாங்க” என்றார் அக்கா ஈனமான குரலில். பிறகு தலைவியம்மாவைப் பார்த்து, “டிரைவரு பானெட்டைத் தொறந்தானே!” என்றார்.

“நான்தான் திறக்கச் சொன்னேன்” என்றார் அவர். அதன்பிறகு அவர் சொன்னதை அக்கா வரி வரியாகத் தமிழில் சொன்னார். கடைசி வரிகளில் அக்காவின் குரல் சரியாக இல்லை.

“எனக்கு இது வேணும்னு டிரைவர்கிட்டச் சொல்ல வெக்கம். உங்ககிட்டச் சொல்லவும் வெக்கம். அதனால வண்டில ஏதோ சத்தம் கேக்குது, கெட்டுப் போச்சுன்னு பொய் சொன்னேன். சிங்காரப்பேட்டைல ரெண்டு நாளு ஒரு பெரிய வீட்டுல தங்கி, கிராமத்துப் பொம்பளைங்களுக்கு ஊறுகாய் போடக் கத்துக் கொடுத்தேன். நீங்க எங்க போறீங்கன்னு அவங்கள்ல ஒருத்தரைக்கூடக் கேக்கல. எனக்கு அவசரம் வந்த பொறவுதான் கேக்கத் தோணுச்சு. இவ்ளோ வருசமா இதை நான் யாருகிட்டயும் சொல்லல.”

அப்படிச் சொல்லிவிட்டு தலைவியம்மா கையைக் கூப்பினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா என்னைத் தேடிக் கண்டுபிடித்து, “ஷமீமா, எழுதிக்க. வண்டி கெடல. நான் இத்தினி வருசம் தப்பா சொல்லிகினு இருந்துட்டன்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கட்டடம் சிங்காரப்பேட்டைக்குப் போயிற்று. அது அப்படித்தானே ஆகும். டெல்லியில் சொன்ன சொல் முதல் கிளைக்கு, அதை மாற்ற தலைவியம்மாவாலும் முடியவில்லை. அக்காவின் ஊரில் பார்த்து வைத்த இடத்தில் யாரோ தக்காளி போட்டார்கள். லட்சுமம்மா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நடுவில் இருந்த வேலிப்படலை ஒரு ஆள் உயரம் தூக்கிக் கட்டினார். மற்ற பெண்களும் முணுமுணுத்தார்கள். அக்கா யாரிடமும் வாதாடவில்லை. கடைக்கு வருவது குறைந்தது. ஒருநாள் வந்து, எதையும் திருத்தாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “லட்சுமியோட சின்னப் பொண்ணு என்னைப் பாத்து சிரிக்க வந்துது, அப்பறம் அம்மா ஞாபகம் வந்து நிறுத்திக்கிச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் மூன்று மாதம் கழித்து அச்சாகி வந்தது. எங்கள் மாவட்டப் பிரதிகளைக் கட்டுக் கட்டாக என் கடையில் இறக்கிப் போனார்கள், ஒவ்வொரு கிளையும் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. சென்னை மேடத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ராகிக் கொல்லையையும் லாரியையும் கெடாத வண்டியையும் அவர் வெட்டவில்லை.

லட்சுமம்மா கிளைத் தலைவி என்ற முறையில் வாங்க வந்தார். நேரம் பார்த்து அக்காவும் வந்துவிட்டார். லட்சுமம்மா அவரைப் பார்க்காத மாதிரி பக்கத்தைப் புரட்டி, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மூக்கை உறிஞ்சினார். மறுபடி படித்தார். முகம் மாறியது.

“இது என்ன?” என்றார் என்னிடம்.

‘புடவையின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் முனியப்பா’ என்று இருந்தது.

தட்டச்சு செய்தவள் நான். பிழை பார்த்தவளும் நான்.

“எங்கம்மாவை ஆம்பளையாக்கிட்டீங்களா! ஒரு ஆம்பளை நின்னு பொடவை புடிச்சான்னா போட்டிருக்கீங்க? படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

அக்கா புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாரானேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் மேஜையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கட்டைப் பிரித்தார். ‘ப்பா’வில் இரண்டு ப. ஒவ்வொன்றுக்கும் வலது பக்கத்தில் ஒரு சுழி போட்டால் ம ஆகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். முனியம்மா ஆயிற்று. மை காய ஊதிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

நாலைந்து புத்தகம் வரை லட்சுமம்மா நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சுழி பெரிசா போச்சு, அசிங்கமா தெரியுது” என்றார்.

“நீ போடு” என்றார் அக்கா.

லட்சுமம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தைப் பிரித்துப் பிடிக்க, அவர் சுழி போட்டார். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை, சுழி அச்செழுத்தோடு அச்சாக உட்கார்ந்தது. நான் டீ வாங்கி வைத்தேன். மூன்று மாதத்துப் பேச்சு முழுக்க அன்று மத்தியானமே பேசி முடித்துவிட்டார்கள். யார் வீட்டில் கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் எல்லாம். கட்டடத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கட்டுகள் முடிந்தன. அக்கா விரலில் மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “சிங்காரப்பேட்டைக்காரங்க கட்டு எது?”

“அவங்க காலைலயே வந்து வாங்கிகிட்டுப் போயிட்டாங்கக்கா.”

லட்சுமம்மா பேனாவை மூடவில்லை. “அப்ப அங்க எங்கம்மா இன்னும் ஆம்பளைதானா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்கள். கூடவே லட்சுமம்மாவின் இரண்டு பெண்களும் பயோடேட்டா வைத்திருந்த பிளாஸ்டிக் கவரோடு நின்றார்கள். கட்டடம் முடிந்ததும் அங்கேயே தங்கிப் படிக்க அறை கொடுப்பார்களாம், தினமும் போய்வர வேண்டாம், போனது போனோம், கேட்டுப் பார்த்துவிடுவோம் என்றார் லட்சுமம்மா. பயோடேட்டாவை நான்தான் ராத்திரியே அடித்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். பஸ் வரும்வரை அக்கா அதை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.